ஆலையாக நாற்பது ஆண்டு, வீடாக நூறு ஆண்டு: கிளேட்டன் குன்றின் காற்றாலைகள்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகருக்கு வடக்கே, கிளேட்டன் என்ற சிற்றூருக்கு மேலே இருக்கும் சுண்ணாம்புக் குன்றில் இரண்டு பழைய காற்றாலைகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மின்சாரம் எடுப்பவை இல்லை, காற்றின் பலத்தில் கல்லைச் சுழற்றிக் கோதுமை அரைத்தவை. ஊர்க்காரர்களும் சுற்றுலா வருகிறவர்களும் அவற்றை ஜாக், ஜில் என்று கூப்பிடுகிறார்கள். ஜாக் 1866இல் கட்டப்பட்டது, 1907 வாக்கில் வேலையை நிறுத்திவிட்டது. கணக்குப் போட்டால் அது ஆலையாக உழைத்தது நாற்பது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அது யாரோ ஒருவருடைய வீடு, அல்லது வீட்டின் ஒரு பகுதி.

பழைய ஆலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆலை நின்ற ஆண்டோடு கதையை முடித்துவிடுவார்கள். 'பின்னர் குடியிருப்பாக மாற்றப்பட்டது' என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் கட்டடத்தின் ஆயுளில் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது என்பது எனக்கு எப்போதுமே உறுத்தும். வீடாக்கியவர்கள் இல்லையென்றால் பல ஆலைகளில் இன்று ஒரு செங்கல்கூட மிஞ்சியிருக்காது. அதே சமயம், வீடாக்கியதாலேயே திரும்ப ஓட்ட முடியாமல் போன ஆலைகளும் நிறைய. கிளேட்டனில் ஒரே முற்றத்தில் இரண்டு கதைகளும் நடந்திருப்பதால், அங்கிருந்து தொடங்குவது வசதி.

முதலில் ஜில். இவள்தான் மூத்தவள். (இங்கிலாந்தில் ஆலையைப் பெண்ணாகப் பேசும் பழக்கம் உண்டு, நானும் அப்படியே எழுதிவிட்டேன்.) 1821இல் பிரைட்டனில் கட்டினார்கள். கடற்கரை ஊராக இருந்த பிரைட்டன் அந்தக் காலத்தில் மளமளவென்று பெருநகரமாக வளர்ந்துகொண்டிருந்தது. ஆலையைச் சுற்றி வீடுகள் எழும்பினால் காற்று தடைபடும், காற்று இல்லையென்றால் ஆலைக்காரருக்குப் பிழைப்பு இல்லை. 1852இல் ஆலையையே கிளப்பி, குதிரைகளும் எருதுகளும் பூட்டி இழுத்துக் குன்றின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேட்பதற்கு நம்ப முடியாதது போல இருந்தாலும் அந்த வட்டாரத்துக்கு இது புதிதில்லை. 1797இலேயே பிரைட்டன் கடற்கரைப் பக்கம் இருந்த ஓர் ஆலையை 86 எருதுகள் பூட்டி ஊருக்கு வெளியே இழுத்துப் போயிருக்கிறார்கள்.

இழுத்துப் போக முடிந்ததற்குக் காரணம் ஜில் கட்டப்பட்ட விதம். காற்றாலைகளில் பழைய வகை ஒன்று உண்டு. தரையிலிருந்து எழும்பும் ஒற்றைப் பெரிய மரத்தூண், அதன் தலையில் பலகையால் அடித்த ஒரு பெரிய மர அறை. இறக்கைகள், கற்கள், பல்சக்கரங்கள், மூட்டை தூக்கும் கயிறு எல்லாம் அந்த அறைக்குள்ளேயே இருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக மொத்த அறையையும் தூணின் மேல் திருப்ப வேண்டும். ஜாக் வேறு வகை. அது செங்கல் கோபுரம், ஐந்து தளம். கோபுரம் அசையாது. உச்சியில் இருக்கும் குவிந்த மூடி மட்டும் இறக்கைகளோடு சேர்ந்து திரும்பும். அதைத் திருப்ப ஆள்கூட வேண்டாம். மூடியின் பின்பக்கம் ஒரு சின்ன விசிறி இருக்கும், காற்றின் திசை மாறியதும் அது சுழன்று, பல்சக்கரங்கள் வழியாக மூடியைக் காற்றுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிடும். 1745இல் எட்மண்ட் லீ என்பவர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. அப்புறம் 1807இல் வில்லியம் கியூபிட், இறக்கைகளில் துணிக்குப் பதிலாக ஜன்னல் சட்டம் போலத் திறந்து மூடும் சின்னச் சின்னப் பலகைகளைப் பொருத்தி, ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றைச் சரிசெய்யும் முறையைக் கொண்டுவந்தார். ஜாக், ஜில் இரண்டுக்குமே அந்த வகை இறக்கைகள்தான்.

தூண் ஆலை, கோபுர ஆலை என்ற இந்த வித்தியாசத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த ஆலை வீடாகும், எது ஆகாது என்பதை முக்கால்வாசி முடிவுசெய்வது இதுதான். தூண் மேல் நிற்கும் மர அறை காற்றில் ஆடும், முனகும், மழை ஒழுகும். உள்ளே இடமும் குறைவு, சமையலறையோ குளியலறையோ வைக்க வழியில்லை. கோபுரம் அப்படி இல்லை. உறுதியான சுவர், ஒன்றின் மேல் ஒன்றாகத் தளங்கள், ஏற்கெனவே சில ஜன்னல்கள். இயந்திரத்தை எடுத்துவிட்டால் அடுக்கடுக்காக அறைகள் தயார். அதனால்தான் இங்கிலாந்தில் வீடாக மாறிய காற்றாலைகளில் பெரும்பாலானவை கோபுர வகையாக இருக்கின்றன. மர வகையில் பல, தூணோடு சேர்ந்து உளுத்து விழுந்தன. ஜாக் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 1765இல் கட்டிய டங்க்டன் ஆலை என்ற மர ஆலை ஒன்று இருந்தது. ஜாக் வந்ததும் அதைப் பிரித்துவிட்டார்கள். அதன் அடிப்பாகமாக இருந்த வட்டக் கட்டடம் மட்டும் நிலைத்தது. பின்னாளில் அதுவும் குடியிருப்போடு சேர்ந்துகொண்டது.

சரி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆலைகள் ஏன் நின்றன? நீராவி வந்தது, காற்று போனது என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. நீராவி இயந்திரம் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் காற்றாலைகள் ஈடுகொடுத்தன. ஜாக்கையே 1866இல், ரயில் ஓடத் தொடங்கி 25 ஆண்டு ஆன பிறகு, புதிதாகப் பணம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள் என்றால் அதில் லாபம் வரும் என்று நம்பித்தானே? (அந்தக் குன்றைக் குடைந்து செல்லும் லண்டன்–பிரைட்டன் ரயில் சுரங்கம் 1841இல் திறக்கப்பட்டது. சுரங்கத்தின் வடக்கு வாய் கோட்டை வாசல் போலக் கட்டப்பட்டிருக்கும், அதன் இரண்டு கோபுரங்களுக்கு நடுவில் ஒரு குட்டி வீடு. குன்றின் மேலே ஆலைக்குள் வீடு, கீழே ரயில் சுரங்கத்தின் தலையில் வீடு. விசித்திரமான ஊர்தான்.)

ஆலைகளை உண்மையில் வீழ்த்தியது மாவு வியாபாரமே தலைகீழாக மாறியது. 1846இல் தானிய இறக்குமதிக்கான கடும் வரிச் சட்டங்களை நீக்கியதும் வெளிநாட்டுக் கோதுமைக்கு வழி திறந்தது. 1870களிலிருந்து அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக மலிவு விலையில் வந்து இறங்கியது. அந்தக் கோதுமை கெட்டியானது, அதைக் கல்லில் அரைப்பதைவிட இரும்பு உருளைகளுக்கு நடுவில் படிப்படியாக நசுக்கி உடைப்பது எளிது. உருளை முறையில் தவிடும் முளையும் சுத்தமாகப் பிரிந்து வெள்ளை வெளேரென்று மாவு கிடைக்கும், நாள்பட வைத்திருந்தாலும் கெடாது. லிவர்பூல், ஹல் மாதிரித் துறைமுகங்களில் பெரிய உருளை ஆலைகள் எழுந்தன. கப்பலிலிருந்து இறங்கும் கோதுமை அங்கேயே மாவாகி ரயிலில் ஊர் ஊராகப் போனது. குன்றின் மேல் இருந்த ஆலைக்காரருக்கு மிஞ்சியது மாட்டுத் தீவனம் அரைக்கும் வேலை. அந்த வருமானத்தில் இறக்கை ஒன்று உடைந்தால் மாற்றக் கட்டுப்படியாகாது. கிளேட்டன் ஆலைகள் 1906, 1907இல் அடுத்தடுத்து நின்றன. இங்கிலாந்தின் எத்தனையோ ஆலைகளுக்கு அந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் இதே கதிதான்.

நின்ற ஆலை சும்மா நிற்காது, வேகமாகச் சிதையும். காற்றாலை என்பது காற்றை எதிர்கொண்டு நிற்கும் வரைதான் பலமானது. இறக்கைகள் காற்றைப் பார்த்திருந்தால், வரும் விசை பின்னால் இருக்கும் கோபுரத்தின் மேல் சாயும். பின்விசிறி பழுதாகி மூடி ஒரே பக்கம் சிக்கிக்கொண்டுவிட்டால், புயல் பின்பக்கமிருந்து அடிக்கும்போது இறக்கைகளோடு மூடியையே பெயர்த்து எடுத்துவிடும். ஓடாத இறக்கையில் மழைநீர் எப்போதும் அதே மூட்டில் தேங்கி மரம் அழுகும். ஜில்லுக்கு வேலை நின்ற இரண்டு ஆண்டுக்குள் புயலில் சேதம் வந்தது. ஆள் இல்லாத ஆலைக்கு இருபது முப்பது ஆண்டு ஆயுள் இருந்தாலே அதிகம். ஆகவே யாராவது வந்து குடியிருப்பது என்பது கட்டடத்தின் உயிர்ப் பிரச்சினை.

கிளேட்டனுக்கு அந்த ஆள் உடனே கிடைத்தார். எட்வர்ட் மார்ட்டின் என்ற நிலவியலாளர் 1908 வாக்கில் அங்கே குடிவந்தார், அந்த வாழ்க்கையைப் பற்றிப் பின்னர் ஒரு புத்தகமே எழுதினார். அவருக்குப் பிறகு ஆன்சன் என்பவரின் குடும்பம். நகரத்து நெரிசலிலிருந்து தப்பிப் பழைய கிராமக் கட்டடங்களைத் தேடிப் போகும் மனநிலை அந்தக் காலத்து வசதியான ஆங்கிலேயரிடம் பரவியிருந்தது. ரயில் இருந்ததால் லண்டனிலிருந்து போய்வர முடிந்தது. நார்ஃபோக் கடற்கரையில் கிளே என்ற ஊரில் இருக்கும் கோபுர ஆலையை ஒரு பெண்மணி வாங்கி, 1921இல் செசில் அப்சர் என்ற கட்டடக் கலைஞரை வைத்து விடுமுறை வீடாக்கினார். அது பேரன் வழியாகக் குடும்பத்திலேயே தொடர்ந்து, 1983இல் விருந்தினர் விடுதியானது. பாடகர் ஜேம்ஸ் பிளன்ட் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அதே கரையில் பர்னம் ஓவரி என்ற இடத்தில் 1816இல் கட்டிய இன்னொரு கோபுர ஆலையும் 1920களில் வீடானது.

கோபுரத்தில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதற்கு ஆலை வேலை செய்த முறையைப் பார்த்தாலே போதும். தானிய மூட்டை முதலில் உச்சித் தளத்துக்கு ஏறும். அங்கிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து கீழ்த்தளத்தில் கல், கல்லிலிருந்து இன்னும் கீழே மாவுப் பெட்டி என்று எல்லாம் தன் எடையில் தானே இறங்கும். மூட்டையைத் தூக்கும் வேலையைக் காற்றே செய்துவிடும். இறங்கும் சரக்குக்காகவே வடிவமைத்த கட்டடம் அது, ஏறும் மனிதருக்காக இல்லை. வீடான பிறகு ஏற்றுவதற்குக் காற்று கிடையாது, குடியிருப்பவர்தான் எல்லாவற்றையும் சுமந்து ஏற வேண்டும். கீழே சமையலறை, அதற்கு மேல் கூடம், மேலே படுக்கை, உச்சியில் வேடிக்கை பார்க்க ஓர் அறை என்றால் மறந்துபோன கண்ணாடியை எடுக்கக்கூட மூன்று மாடி ஏறவேண்டும். சுவர் வட்டம் என்பதோடு, மேலே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். நேரான பீரோவைச் சுவரோரம் வைத்தால் அடியில் ஒட்டாது, மேலே இடிக்கும். ஒவ்வொரு அலமாரியையும் தச்சரை வைத்து வளைத்துச் செய்யவேண்டும். ஒவ்வொரு தளத்தின் பரப்பும் கீழ்த்தளத்தைவிடச் சிறியது.

இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை ஈரம். காற்று அதிகம் அடிக்கும் இடமாகப் பார்த்துத்தான் ஆலையைக் கட்டுவார்கள், அதனால் மழையும் அங்கே பக்கவாட்டில்தான் அடிக்கும். சாதாரண வீட்டுக்குச் சுவரைக் காக்கக் கூரை விளிம்பு நீண்டிருக்கும். கோபுரத்துக்கு அது கிடையாது. உச்சியிலிருந்து அடிவரை செங்கல் நனைந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்து ஆலைகளுக்கு வெளிப்புறம் தார் பூசியது அதற்காகத்தான். பிற்காலத்தில் பலர் அழகுக்காகத் தாரைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே காட்டினார்கள், சிலர் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் பூச்சில் ஒரு மெல்லிய விரிசல் விட்டால் போதும், உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கிவிடும். இன்னொன்று, உச்சியின் மூடி. அது திரும்புவதற்காகச் செய்தது, அதனால் மூடிக்கும் கோபுரத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தே தீரும். ஆலைக்காரருக்கு அது பொருட்டில்லை. அதற்குக் கீழே படுத்துத் தூங்குகிறவருக்கு அப்படி இருக்க முடியுமா?

இப்படித்தான் பல ஆலைகளில் ஒவ்வொன்றாக மாறியது. ஒழுகுகிறது என்று மூடியைக் கழற்றித் தட்டையான கூரை போட்டார்கள். இடத்தை அடைக்கிறது என்று நடுவில் நின்ற பெரிய செங்குத்துத் தண்டை அறுத்தார்கள். ஒரு டன் எடையுள்ள கற்களை இறக்கித் தோட்டத்தில் மேசையாகவோ வாசற்படியாகவோ போட்டார்கள். வெளிச்சத்துக்காகச் சுவரைக் குடைந்து ஜன்னலைப் பெரிதாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு, எந்தக் குடும்பத்தையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எல்லாம் சேர்ந்தபின் மிஞ்சுவது ஆலை வடிவத்தில் ஒரு வீடு. தண்டும் கல்லும் போன பிறகு அது எப்படி ஓடியது என்பதைக் கண்டுபிடிக்கக்கூட ஆதாரம் இருக்காது.

ஜாக்கின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1953க்குப் பிறகு வருவது. பிபிசியின் கோல்ஃப் வர்ணனையாளரும் பத்திரிகை எழுத்தாளருமான ஹென்றி லாங்ஹர்ஸ்ட் அந்த ஆண்டு இரண்டு ஆலைகளையும் வாங்கிக் குடிவந்தார். பத்து ஆண்டுகள் வாழ்ந்து பார்த்த பிறகு அவர் செய்தது: ஆலையை இன்னும் குடைந்து வசதி செய்வதற்குப் பதிலாக 1963இல் பக்கத்திலேயே நவீனமான ஒரு புது வீட்டைக் கட்டிக்கொண்டார். 1978இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். ஆலையை நேசிக்கிறவர் ஆலைக்குள் வாழ்ந்தே தீரவேண்டும் என்பதில்லை, அதன் பக்கத்தில் வாழ்ந்தாலே போதும். கூரை ஒழுகுவதைப் பார்க்க ஒரு கண், புயல் வந்தால் வெளியே ஓடிவர ஓர் ஆள், இவைதான் ஆலைக்குத் தேவை. படுக்கையறையும் குளியலறையும் வேறெங்காவது இருக்கட்டும். எல்லோரிடமும் அதற்கான பணமும் நிலமும் இருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் ஆலையை வீடாக்கும் வழிகளில் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். ஜாக்குக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் அடித்தது. 1973இல் ஒரு சினிமாப் படப்பிடிப்புக்காக அதற்குப் புது இறக்கைகள் பொருத்தினார்கள்.

ஜில்லின் மறுவாழ்வு தொடங்கியதும் 1978இல்தான். ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு சங்கமாக உழைத்து, உளுத்த மரங்களை மாற்றி, இறக்கைகளை ஏற்றி, 1986இல் அவளைத் திரும்ப அரைக்க வைத்தார்கள். நின்று 80 ஆண்டுக்குப் பிறகு! அது சாத்தியமானதற்கு ஒரு காரணம், அந்த எண்பது ஆண்டும் ஜில்லின் வயிற்றுக்குள் யாரும் சமையலறை கட்டவில்லை என்பது. வாழ வசதியில்லாத அந்த மர உடம்புதான் அவளைக் காப்பாற்றியது. இன்னொரு காரணம், ஜாக்கிலோ அதன் பக்கத்து வீட்டிலோ பெரும்பாலும் மனிதர்கள் இருந்தது. யாருமே இல்லாத குன்றில் ஜில் தனியாக நின்றிருந்தால் 1978 வரை தாங்கியிருப்பாள் என்று நான் நம்பவில்லை.

மறு ஆண்டே பெரிய சோதனை வந்தது. 1987 அக்டோபரில் தென் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட புயல் இரவில், பிரேக் போட்டு நிறுத்தியிருந்த ஜில்லின் இறக்கைகளைக் காற்று வலுக்கட்டாயமாகச் சுழற்றியது. மரப் பிரேக்கும் மரச் சக்கரமும் உரசியதில் தீப்பிடித்துக்கொண்டது. சங்கத்துக்காரர்கள் அந்தப் புயலிலும் போராடித் தீயை அணைத்தார்கள். ஆலை பிழைத்தது.

நெதர்லாந்தில் இந்த விஷயமே வேறு மாதிரி. ராட்டர்டாமுக்குப் பக்கத்தில் கிண்டர்டைக் என்ற இடத்தில் 19 காற்றாலைகள் இருக்கின்றன, பெரும்பாலானவை 1738, 1740 ஆண்டுகளில் கட்டியவை, 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அவை மாவு அரைக்கவில்லை, கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலத்திலிருந்து தண்ணீரை இறைத்தன. வெள்ளம் இரவு பகல் பார்த்து வராது, ஆகவே ஆலைக்காரர் குடும்பத்தோடு உள்ளேயே வாழும்படிதான் தொடக்கத்திலேயே கட்டினார்கள். சுவரோரம் பெட்டி போன்ற கட்டில், ஒரு பக்கம் அடுப்பு, நடுவில் சுழலும் தண்டு. இறைப்பு வேலையை மோட்டார் பம்புகள் எடுத்துக்கொண்ட பிறகும் ஆலைகளில் குடும்பங்கள் இருக்கின்றன, இறக்கைகளை ஓட்டவும் செய்கிறார்கள். வீடும் இயந்திரமும் ஒன்றையொன்று விழுங்காமல் அங்கே நீடிப்பதற்கு ஓட்டத் தெரிந்த ஆட்கள் இருப்பது முக்கியக் காரணம். 1972இல் தன்னார்வ ஆலைக்காரர்களுக்கென்றே அங்கே ஒரு சங்கம் தொடங்கி, பயிற்சியும் தேர்வும் வைத்து ஆள் தயார்செய்தார்கள். 2017இல் அந்தத் தொழில்கலையையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு விஷயத்திலும் டச்சுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள், அது காற்று. ஆலையைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்குள் எவ்வளவு உயரத்துக்குக் கட்டடம் வரலாம், மரம் வளரலாம் என்பதற்கு அங்கே பல இடங்களில் விதி உண்டு. வீடாக மாறும் ஆலைகளில் எளிதில் தொலைந்துபோவது இதுதான். புது வீட்டுக்காரர் மறைவுக்காகச் சுற்றிலும் மரம் நடுகிறார், பக்கத்து மனை விலைபோகிறது, முப்பது ஆண்டில் காற்று அடைபட்டுவிடுகிறது. தண்டையும் கல்லையும் பணம் போட்டுத் திரும்பச் செய்துவிடலாம், சுற்றிலும் எழும்பிவிட்ட வீடுகளை என்ன செய்வது? கிளேட்டன் குன்று இப்போது சவுத் டவுன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே அந்தப் பயம் குறைவு. ஜாக் இன்றும் தனியார் வீடு, உள்ளே போக முடியாது. ஜில்லைக் கோடைக்கால ஞாயிறு பிற்பகல்களில் திறந்துவைக்கிறார்கள், நல்ல காற்று இருக்கும் நாளில் ஓட்டியும் காட்டுகிறார்கள், அங்கே அரைத்த முழுக்கோதுமை மாவு விலைக்குக் கிடைக்கிறது.